சோற்றுப் பொட்டலத்தோடு தீர்ந்துவிடுமா கடன்?

அண்மையில் சாய்ந்தமருதைச் சேர்ந்த ஓர் இளைஞர் எம் அலுவலகத்துக்கு வந்தார். றியாத்தில் வேலை கிடைத்திருந்தது. பயணச் செலவுக்காக உம்மாவின் காப்பு அடகுக்குப் போயிருந்தது. இரவு முழுவதும் பஸ்ஸில் இருந்து கட்டுநாயக்கவை அடைந்தவரை வரவேற்றது, விமானம் ரத்து என்ற செய்தி. இரண்டு நாள் அங்கேயே கிடந்தார். ஒரு சோற்றுப் பொட்டலமும், அடுத்த பயணத்துக்கென ஒரு கழிவுச் சீட்டும் கொடுத்தார்கள். ஆங்கிலத் தாள் ஒன்றில் கையொப்பமும் வாங்கிக்கொண்டார்கள்.

“நீங்கள் என்ன கேட்டீர்கள், தம்பி?” என்றோம்.

“சாப்பாடு தந்தாங்க சேர். வேற என்னத்தக் கேக்கிற?” என்றார்.

அந்தத் தாளை வாங்கிப் படித்தோம். கழிவுச் சீட்டைப் பெற்றுக்கொண்டதால் தமக்கு இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார்! வேலையில் சேர வேண்டிய நாள் கடந்துபோய், அரை மாதச் சம்பளமும் அத்தோடு போயிற்று. போனது போக எஞ்சியதையும் தம் கையாலேயே விட்டுக்கொடுத்துவிட்டார்.

இஃது ஓர் இளைஞரின் அறியாமை மட்டுமா? அன்று. தேர்தல் வந்தால் கூரைத்தகடு, வெள்ளம் வந்தால் உலருணவு என்று, நமக்கு உரியதையே பிறர் கொடையாகப் பெற்று நன்றி சொல்லிப் பழகிவிட்ட ஒரு கரையோரத்தின் குரல் அது. சலுகை என்பது கொடுப்பவனின் மனத்தில் இருப்பது. உரிமை என்பது பெறுபவனின் கையில் இருப்பது. இரண்டையும் வேறுபடுத்தி அறியாத சமுதாயம் இரண்டையுமே இழக்கும்.

விமானம் ரத்தாவதால் கொழும்பில் வசிப்பவர் வீடு திரும்பி உறங்கலாம். கல்முனையான் எங்கே திரும்புவான்? புகைவண்டிப் பாதை மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. அங்கே விமான நிலையம் உண்டு. ஆனால் வளைகுடாவுக்கு விமானம் இல்லை. தொழிலுக்குப் போகும் இளைஞரும், உம்றாவுக்குப் புறப்படும் முதியவரும் ஓர் இரவைத் தெருவில் கழித்தே விமானத்தைக் காண்கின்றனர். ஆகவே ஒரு ரத்து அறிவித்தல் பிறருக்குத் தருவதைக் காட்டிலும் இரட்டிப்பு நட்டத்தை நமக்குத் தருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? சேவையைச் செய்யாதவன் அதற்கான விலையை வைத்துக்கொள்ள முடியாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் அரிச்சுவடி. பயணி தாமதமாகக் கொண்டு சேர்க்கப்பட்டு, அதனால் நட்டமடைந்தால், 1999 ஆம் ஆண்டின் மொன்றியல் சமவாயம் துணைநிற்கிறது. இலங்கை 2018 இல் அதில் இணைந்தது. நட்டத்தைத் தவிர்க்க நியாயமான நடவடிக்கைகள் யாவும் எடுத்ததாகக் கம்பனி நிரூபிக்காவிடின், ஒரு பயணிக்கு 6,303 சிறப்பு எடுப்பனவு உரிமை அலகுகள் வரை, அதாவது எண்ணாயிரம் அமெரிக்க டொலருக்கு மேலும், அது பொறுப்பாளியாகலாம். இது உச்ச வரம்பு; நட்டத்தை நாமே நிரூபித்தாக வேண்டும். வழக்கிட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

“புயலுக்கும் போருக்கும் கம்பனி என்ன செய்யும்?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. 2025 ஜூன் 23 இல் ஈரானின் ஏவுகணைகள் வந்தபோது கட்டார் தன் வான்பரப்பை மூடியது; அதற்கு எந்தக் கம்பனியையும் குறைகூற முடியாது. அத்தகைய வேளையில் இழப்பீடு இல்லாமற் போகலாம். ஆனால், பறக்காத விமானத்தின் கட்டணத்துக்கும் பசித்த வயிற்றுக்கும் போர் விலக்களிக்காது. 2010 இல் ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பல் ஐரோப்பிய வானை மூடியது. அப்போதும் பயணிக்கு உணவும் தங்குமிடமும் கொடுக்கும் கடமை கம்பனிக்கு இருந்தது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013 இல் தீர்ப்பளித்தது.

அயலாரைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 250 முதல் 600 யூரோ வரை இழப்பீட்டைத் தொகை குறித்தே வகுத்துள்ளது. சவூதி அரேபியா 2023 நவம்பரில் புதிய பயணிகள் உரிமை விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்துச் செய்தபோது, கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க அரசு நாள் குறித்து உத்தரவிட்டது. கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்குக் கம்பனி 10,000 ரூபாவுக்குப் பயணச் சீட்டுகள் அறிவித்தது. கவனியுங்கள்: விதிப்படியான இழப்பீட்டுக்குப் பதிலாக அன்று, அதற்கு மேலாக! உரிமை முதலில், சலுகை பின்னர் என்னும் ஒழுங்கு அது.

சலுகைகளை வெறுக்கும்படி நாம் சொல்லவில்லை. கிடைப்பதைப் பெற்றுக்கொள்ளுங்கள். பல விமானக் கம்பனிகளின் பயணப் புள்ளித் திட்டத்தில் சேரக் காசு கேட்பதில்லை. ஆண்டுதோறும் வந்துபோகும் நம் தொழிலாளர் பலர் உறுப்பினர் இலக்கத்தைப் பதியாமலேயே அந்தப் புள்ளிகளை இழக்கின்றனர். மேலதிகப் பொதி நிறை உண்டா, வேறு விமானத்தில் மாற்றினால் புள்ளிகள் சேருமா என்று முகவரிடம் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கம் எதற்கு?

ஆனால் விமானம் ரத்தானால், முதலில் கடனைக் கேளுங்கள். ரத்தின் காரணத்தை எழுத்தில் பெறுங்கள். மாற்று விமானமா, முழுக் கட்டணமா என்று நீங்களே தெரிவு செய்யுங்கள். உணவு, தங்குமிடம், பஸ் ஆகியவற்றின் பற்றுச்சீட்டு ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள். தொழில் தருநருக்கு அன்றே செய்தி அனுப்பி, அதன் பிரதியை வைத்திருங்கள். கழிவுச் சீட்டு நீட்டப்பட்டால், அது பணத்துக்குப் பதிலா, பணத்துக்கு மேலா என்று கேளுங்கள். காலாவதி நாளையும் பாருங்கள். வாசித்து விளங்காத தாளில் ஒப்பமிடாதீர்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லாதோருக்கு 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

அரசிடம் நாம் கேட்பது இரண்டு. ரத்துக்கான இழப்பீட்டைத் தொகை குறித்துப் பாராளுமன்றச் சட்டத்திலேயே எழுதுக. பயணி கையொப்பமிடும் எந்தத் தாளும் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கவேண்டும் என்பதைக் கட்டாயமாக்குக. வெளிநாட்டு உழைப்பாளி அனுப்பும் பணத்தில் தலைநிமிரும் நாடு, அவன் எதை இழக்கிறான் என்பதை அவனுடைய மொழியில் சொல்லக் கூசலாமா?

அந்த இளைஞர் இப்போது றியாத்தில் இருக்கிறார். அவருக்காகக் கம்பனிக்கு ஒரு கடிதம் அனுப்பியுள்ளோம். அந்தக் கையொப்பம் குறுக்கே நிற்பதால், முடிவு எவ்வாறாகும் என்று உறுதி கூற முடியவில்லை. உம்மாவின் காப்பு இன்னும் அடகில்தான் இருக்கிறது. அடுத்த முறை அந்த விமான மேசையின் முன் நிற்கும் நம் பிள்ளை, பொட்டலத்தை ஒரு கையால் வாங்கட்டும், மறு கையால் பேனாவை எடுக்குமுன், “எனக்குரியது எங்கே?” என்று கேட்கட்டும்!