ஜோசப்பைத் துரத்தியவர்கள்

லூயி மால் 1987இல் இயக்கிய ‘ஓ ரெவ்வார் லெஸான்ஃபான்’ (போய்வருகிறேன், பிள்ளைகளே) என்னும் பிரெஞ்சுப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பார்வையைப் பற்றியே பேசுகிறார்கள். 1944 ஜனவரி. ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த பிரான்சில் ஒரு கத்தோலிக்க விடுதிப் பள்ளி. வகுப்பறைக்குள் நுழையும் கெஸ்டபோ அதிகாரி, மாற்றுப் பெயரில் ஒளிந்திருக்கும் யூதச் சிறுவன் யார் என்று கேட்கிறான். ஜூலியன் தன்னையறியாமல் நண்பன் போனே இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்துவிடுகிறான். அதிகாரிக்கு அது போதும்.

இது கற்பனை அல்ல. ஆவோன் நகரில் மால் படித்த பள்ளியில் நடந்ததை ஒட்டியது. அங்கு ஒளிந்திருந்த மூன்று யூத மாணவர்கள் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டனர். அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்த தலைமையாசிரியர் பாதிரியார் ழாக், மாட்ஹவுசன் முகாம் விடுவிக்கப்பட்ட சில வாரங்களில், 1945 ஜூனில் இறந்தார்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை படத்தின் மையம் வகுப்பறையில் இல்லை, சமையலறையில் இருக்கிறது. அங்கே வேலை செய்யும் ஜோசப் கால் ஊனமுற்றவன்; மாணவர்களின் கேலிப்பொருள். பணக்கார மாணவர்கள் வீட்டிலிருந்து வரும் பழப்பாகைக் கொடுத்து அவனிடம் சிகரெட்டும் தபால்தலையும் வாங்குகிறார்கள். கள்ளவணிகம் பிடிபடும்போது மாணவர்களுக்குக் கிடைப்பது சிறு தண்டனை. ஜோசப்புக்கோ வேலை போகிறது. செல்வத்தின் கொடுமையைப் பெற்றோரின் முகத்துக்கு நேரே பிரசங்கித்த அதே பாதிரியார், அந்தப் பெற்றோரை எண்ணியே பிள்ளைகளை விட்டுவிடுகிறார். தாம் செய்வது அநீதி என்று அவருக்குத் தெரியும். போக்கிடமற்ற ஜோசப் கெஸ்டபோவிடம் போகிறான்.

இதனால் ஜோசப்பின் துரோகம் நியாயமாகிவிடாது. அவன் இழந்தது வேலை. போனே இழந்தது உயிர். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது அறியாமை. மாலும் அவனை மன்னிக்கச் சொல்லவில்லை. ஆயினும், இனவெறிக்கு எதிராக உயிரையே பணயம் வைத்த ஒரு பள்ளி, தன் சமையலறையில் நாள்தோறும் நிகழ்ந்த இழிவைத் தடுக்கவில்லை என்பதை அவர் மறைக்கவுமில்லை. வாசலில் வந்து நின்ற வெறுப்பை எதிர்க்க அவர்களுக்குத் துணிவிருந்தது. உள்ளே, தங்கள் பிள்ளைகளின் சிரிப்பில் இருந்த வெறுப்பைப் பெரிதாக எண்ணவில்லை.

நல்லவர்களைப் பற்றிய படங்கள் பல உண்டு. நல்லவர்களின் ஒரு சிறிய அநீதி எங்கே கொண்டுபோய் விட்டது என்று சொன்னவை மிகக் குறைவு. இந்தப் படத்தை மீண்டும் பார்க்க நேர்ந்தால், ஜூலியன் திரும்பிப் பார்க்கும் கணத்துக்காகக் காத்திருக்காதீர்கள். ஜோசப் அழுதுகொண்டு நிற்கும் இடத்தில் சற்று நில்லுங்கள்.