செயற்கை நுண்ணறிவின் செலவுக் கணக்கு மறைக்கப்படலாகாது

செயற்கை நுண்ணறிவுத் தொழில்நுட்பம் இன்று பாடசாலை மாணவர் முதல் அரச அலுவலகங்கள் வரை பரவிவிட்டது. கேட்ட மாத்திரத்தில் கட்டுரையும் படமும் மொழிபெயர்ப்பும் பெரும்பாலும் இலவசமாகவே கிடைப்பதால், இதற்கும் ஒரு விலை உண்டென்ற எண்ணம் பாவனையாளர்களுக்கு எழுவதில்லை. ஆனால், அவ்விலை மின்சாரமாகவும் நீராகவும் எங்கோ ஓரிடத்தில் செலுத்தப்பட்டுக் கொண்டுதான் இருக்கின்றது.

நாம் கைத்தொலைபேசியில் கேட்கும் கேள்விக்கான விடை, தரவு மையங்கள் என அழைக்கப்படும் பாரிய கட்டிடங்களில் இரவு பகலாக இயங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளாலேயே தயாரிக்கப்படுகின்றது. இவை பெருமளவு மின்சாரத்தை நுகர்வதுடன் கடும் வெப்பத்தையும் வெளியிடுகின்றன. அவ்வெப்பத்தைத் தணிப்பதற்காகப் பல இடங்களில் நன்னீர் ஆவியாக்கப்படுகின்றது.

சர்வதேச எரிசக்தி முகவரகம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகிலுள்ள தரவு மையங்கள் 2024 ஆம் ஆண்டில் சுமார் 415 டெராவாற் மணித்தியால மின்சாரத்தை நுகர்ந்துள்ளன. இது இலங்கை ஓராண்டில் உற்பத்தி செய்யும் மின்சாரத்தின் இருபது மடங்கிற்கும் அதிகமாகும். 2030 இல் இத்தொகை சுமார் 945 டெராவாற் மணித்தியாலமாக உயருமென்றும், அது ஜப்பான் நாடு முழுவதும் இன்று நுகர்வதை விடச் சற்று அதிகமென்றும் அவ்வறிக்கை மதிப்பிடுகின்றது. இந்த அதிகரிப்பிற்குச் செயற்கை நுண்ணறிவே முதன்மைக் காரணமாகச் சுட்டப்பட்டுள்ளது.

2024 இன் நுகர்வு உலக மின்பாவனையில் சுமார் 1.5 வீதம் மாத்திரமே என்பது உண்மைதான். ஆயினும், இச்சுமை உலகெங்கும் சமமாகப் பகிரப்படுவதில்லை. சில ஊர்களின் மீதே குவிகின்றது. அயர்லாந்து இதற்குத் தக்க உதாரணமாகும். அந்நாட்டின் அளவிடப்பட்ட மின்நுகர்வில் தரவு மையங்களின் பங்கு 2015 இல் 5 வீதமாக இருந்து 2023 இல் 21 வீதமாக உயர்ந்தது. நகர்ப்புற வீடுகள் அனைத்தும் அவ்வாண்டில் நுகர்ந்ததோ 18 வீதம் மட்டுமே. இந்நிலையிலேயே, மின்வலையமைப்பில் போதிய கொள்ளளவு இன்மையைச் சுட்டிக்காட்டி, தென் டப்ளின் மாவட்ட சபை கூகிள் நிறுவனத்தின் புதிய தரவு மையத்திற்கான அனுமதியை 2024 ஆகஸ்டில் மறுத்தது.

மின்சாரத்தை விடவும் நீர் பற்றிய கணக்கே அதிகம் மறைக்கப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்திலுள்ள த டால்ஸ் என்னும் சிறு நகரில், கூகிளின் தரவு மையங்கள் எவ்வளவு நீரைப் பாவிக்கின்றன என ஒரு பத்திரிகை வினவியபோது, அது வர்த்தக இரகசியம் எனக் கூறிய நகர நிர்வாகம் தகவலைத் தடுக்க அப்பத்திரிகைக்கு எதிராகவே வழக்குத் தொடர்ந்தது. ஓராண்டிற்கு மேல் நீடித்த இவ்வழக்கு 2022 டிசம்பரில் இணக்கத்துடன் முடிவடைந்த பின்னரே உண்மை வெளியாயிற்று. 2021 இல் அம்மையங்கள் 35 கோடி கலனுக்கும் அதிகமான நீரை, அதாவது நகரின் மொத்தப் பாவனையில் கால் பங்கிற்கும் கூடுதலாக நுகர்ந்திருந்தன. தமது நீர் எங்கே போகின்றது என்பதை அறிய அந்நகர மக்கள் ஒரு வழக்கின் முடிவுக்காகக் காத்திருக்க நேர்ந்தமை கவலைக்குரியதாகும்.

நிறுவனங்களின் வாதத்தையும் நாம் கவனத்திற் கொள்ள வேண்டும். தனது ஜெமினி செயலியிடம் எழுத்தில் கேட்கப்படும் சராசரிக் கேள்வியொன்றுக்கு 0.24 வாற் மணித்தியால மின்சாரமும் சில துளி நீருமே செலவாகின்றன என 2025 ஆகஸ்டில் கூகிள் அறிவித்தது. ஒரு கேள்விக்கான செலவு குறைந்து வருவதும் மெய்யே. ஆனால், செலவு குறையக் குறைய பாவனை பன்மடங்காகப் பெருகுகின்றது. துளிகளைக் காட்டிப் பெருவெள்ளத்தை மறைக்க முடியாது. அதே நிறுவனத்தின் பச்சைவீட்டு வாயு வெளியேற்றம் 2019 இலிருந்து 2023 வரை 48 வீதத்தால் அதிகரித்ததாக அதன் சொந்த அறிக்கையே கூறியது.

ஓரிடத்தில் கட்டுப்பாடு வந்தால் சுமை வேறிடத்திற்கு நகரும் என்பதற்கும் சான்று உண்டு. மின்சாரமும் நிலமும் அரிதான சிங்கப்பூர் 2019 இல் புதிய தரவு மையங்களுக்கான அனுமதியை இடைநிறுத்தி, 2022 இல் நிபந்தனைகளுடன் தளர்த்தியது. அதற்கிடையில் முதலீடுகள் அயலிலுள்ள மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தை நோக்கித் திரும்பின. முதலீட்டை எதிர்பார்த்திருக்கும் நாடுகள் இதிலிருந்து பாடம் கற்றுக் கொள்வது அவசியம்.

இத்தொழில்நுட்பத்தை நிராகரிக்குமாறு எவரும் கோரவில்லை. மருத்துவத்திலும் கல்வியிலும் அதன் பயன் மறுக்கத்தக்கதன்று. கோரப்படுவது கணக்கேயாகும். 500 கிலோவாற்றும் அதற்கு மேற்பட்டதுமான தரவு மையங்கள் தமது மின், நீர்ப் பாவனையை அறிக்கையிட வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் 2024 முதல் விதித்துள்ளமை நல்லதோர் ஆரம்பமாகும். இலங்கையிலும் 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் கையில் உள்ளது. நாளை இத்தகைய மையமொன்று எமது மண்ணுக்கு வருமாயின், உடன்படிக்கை கைச்சாத்திடப்படுவதற்கு முன்னரே அதன் மின்சாரத்திற்கும் நீருக்குமான கணக்கு மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். கிணறு வற்றிய பின்னர் கணக்குக் கேட்பதனால் பயனேதும் விளையப் போவதில்லை.