தொப்பிக்கு மவுசு, தைக்கும் கைக்கு என்ன?

இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்க விமானிகள் அணிந்த தொப்பி மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கிறது. யுத்தத்துக்கு அல்ல, உல்லாசத்துக்கு! அதே துணி, அதே தோல், அதே மடிப்பு என்று வியாபாரிகள் விளம்பரம் செய்கிறார்கள். நெமிலிச்சேரி வெளிவட்டச் சாலையில் மோட்டார் சைக்கிளில் பறக்கும் வாலிபனுக்கும் அதன் மேல் ஆசை வரலாம். அவன் மீது நமக்குக் கோபமில்லை. ஒரு கேள்வியை மட்டும் அவன் முன் வைக்கிறோம்.

அந்தத் தொப்பியின் மேற்பாகம் ஏன் நசுங்கிக் கிடக்கிறது? அழகுக்காகவா? இல்லை. விமானத்தில் ஹெட்போனைத் தொப்பியின் மேல் மாட்ட வேண்டும். தொப்பியை விறைப்பாக நிறுத்தும் உள்வளையம் அதற்கு இடைஞ்சல். விமானிகள் அதை உருவி எறிந்தார்கள், தொப்பி தொய்ந்தது. ஆக, அந்தச் சுருக்கம் வேலை போட்ட முத்திரை! இன்றைய வியாபாரியோ சுருக்கத்தையும் சேர்த்தே தைத்து விற்கிறான். உழைப்பின் அடையாளத்துக்கு விலை உண்டு. உழைக்கும் கைக்கு என்ன உண்டு?

பதில் தேட அமெரிக்கா போக வேண்டாம். நெமிலிச்சேரியில் மின்சார ரயில் ஏறினால் சில நிமிஷங்களில் ஆவடி. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்ட அதே ஆவடி! சோஷலிசம் தீர்மானத்தோடு நின்றது. ஆனால் 1961-ல் அங்கே ராணுவ உடைத் தொழிற்சாலை எழுந்தது. நமது சிப்பாய்க்கு உடை தைத்த கைகள் அங்கேதான் இருக்கின்றன.

அந்தக் கைகளுக்கு சர்க்கார் தந்த பரிசு என்ன?

2017-ல் சிப்பாய்க்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் உடைப்படி என்று அறிவித்தார்கள். படி கிடைப்பது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் உடையைக் கடையில் வாங்கிக்கொள் என்பதல்லவா அதன் பொருள்? தொழிற்சாலைக்கு வர வேண்டிய ஆர்டர் கடைத்தெருவுக்குப் போயிற்று. 2021 அக்டோபர் 1-ந் தேதி 41 ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகக் கூறுபோட்டார்கள். ஆவடி உடைத் தொழிற்சாலை கான்பூரில் தலைமையகம் கொண்ட கம்பெனியின் கீழ் போயிற்று. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். சர்க்கார் என்ன செய்தது? பேச்சுவார்த்தையை நம்பாமல், வேலைநிறுத்தம் செய்தால் ஓராண்டு சிறை என்று சட்டம் கொண்டுவந்தது! அந்தச் சட்டம் ஓராண்டில் காலாவதியாயிற்று. அது காத்த கம்பெனிகளோ நிலைத்து நிற்கின்றன.

போட்டி வந்தால் தரம் உயரும் என்கிறார்கள் கம்பெனிமயத்தின் வக்கீல்கள். யாருடைய தரம்? விலையைக் குறைத்து டெண்டர் பிடிக்கும் காண்டிராக்டர் எங்கே கை வைப்பான்? முதலில் துணியில், அடுத்து தையல்காரரின் கூலியில். குளிரிலும் மழையிலும் எல்லையில் நிற்பவனுக்கு மட்டத் துணி. தைப்பவளுக்கு மட்டக் கூலி. இதுவா தரம்?

இன்னொன்றையும் கேட்கிறோம். பழைய ராணுவத் தொப்பிக்கு இத்தனை கிராக்கி இருக்குமானால், அதை ஆவடியில் ஏன் தைக்கக் கூடாது? தேர்ந்த தொழிலாளி இருக்கிறார், இயந்திரம் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது. ஆர்டர் இல்லை என்று கைவிரிப்பவர்கள், ஆர்டர் தேடித் தருவதல்லவா கடமை?

ராணுவ உடைக்கான ஆர்டரை நான்கு உடைத் தொழிற்சாலைகளுக்கே முதலில் கொடு! கம்பெனிமயத்தை ரத்து செய்! ஓய்வு பெறுவோரின் இடத்தில் நிரந்தரத் தொழிலாளரை நியமி! இவையே நமது கோரிக்கைகள்.

வாலிபத் தோழனே! அந்தத் தொப்பியைத் தாராளமாக அணிந்துகொள். ஆனால் ஆவடித் தொழிலாளர்கள் கொடி பிடித்து வாயிலில் நிற்கும் நாளில், வண்டியை நிறுத்தி இறங்கி வா. தொப்பி போட்ட தலை, அதைத் தைக்கும் கையை மறக்கலாகாது.