தவறான இரயிலில் ஏறும் உரிமை



பள்ளி விடுமுறை முடிந்து ஆசிரியர் அறைக்குத் திரும்பிய நாளில் நண்பர்கள் பலரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டனர். "ஐயா, சுவிட்சர்லாந்துக்குப் போனீர்களாமே? எந்தச் சுற்றுலா நிறுவனம்? எத்தனை நாடுகள் காட்டினார்கள்?" எந்த நிறுவனமும் இல்லை, ஒரே நாடு, எட்டு நாள், கையில் ஓர் இரயில் அட்டை என்று நான் சொன்னதும் அவர்கள் முகத்தில் வியப்பைவிட இரக்கமே மிகுதியாகத் தெரிந்தது. அந்த இரக்கத்திற்கு மறுமொழியாகவே இதனை எழுதுகிறேன்.

நம் ஆசிரியர் குடும்பங்களில் பலர் ஆண்டுக்கணக்கில் சேமித்து ஐரோப்பா செல்கின்றனர். பெரும்பாலோர் நாடுவது ஒரு வாரத்தில் நான்கைந்து நாடுகளைக் காட்டும் பேருந்துச் சுற்றுலாவை. அதைக் குறைகூற நான் வரவில்லை. முதியோருக்கு அது பெரும் வசதி. ஆனால், பத்து வயதைக் கடந்த பிள்ளைகளுடன் செல்லும் பெற்றோருக்கு என் கருத்து வேறு. வழிகாட்டி எழுப்பும்போது எழுந்து, இறங்கச் சொன்ன இடத்தில் இறங்கி, படம் பிடித்துக்கொண்டு, சொன்ன நிமிடத்தில் மீண்டும் ஏறி அமரும் பிள்ளை அந்தப் பயணம் முழுவதிலும் ஒரு தவறும் செய்வதில்லை. காரணம், ஒரு முடிவும் அது எடுப்பதில்லை. வகுப்பறையில் ஆண்டு முழுவதும் நாம் சொன்னதைச் செய்யும் பிள்ளை, விடுமுறையிலும் பிறர் சொன்னதைத்தான் செய்ய வேண்டுமா?

ஒரே நாட்டைத் தேர்ந்தெடுங்கள். இரயில் அட்டை வாங்குங்கள். வழிநடத்தும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள். நான் சொல்ல வருவது இவ்வளவே.

அட்டை தருவது என்ன?

வெளிநாட்டுப் பயணிகளுக்கெனச் சுவிட்சர்லாந்தில் விற்கப்படுவது சுவிஸ் டிராவல் பாஸ். 3, 4, 6, 8, 15 நாள்களுக்கென வாங்கலாம். தொடர் நாள்களுக்கு உரியது ஒரு வகை. ஒரு மாதத்திற்குள் நமக்கு வேண்டிய நாள்களை மட்டும் தேர்ந்துகொள்ளும் வகையும் உண்டு. அட்டை செல்லும் நாள்களில் நாட்டின் இரயில்களிலும், மஞ்சள் நிற அஞ்சல் பேருந்துகளிலும், ஏரிக் கப்பல்களிலும், 90க்கும் மேற்பட்ட நகரங்களின் டிராம், பேருந்துகளிலும் தனிச் சீட்டு வாங்காமல் பயணம் செய்யலாம். 500க்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களில் நுழைவு இலவசம்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பெற்றோரில் ஒருவரேனும் இந்த அட்டையை வைத்திருந்தால், 6 வயது முதல் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குக் குடும்ப அட்டை கட்டணமின்றிக் கிடைக்கிறது. பெற்றோருடன் செல்லும்போது அவர்களுக்கும் பயணம் இலவசம். ஆனால், அட்டை வாங்கும்போதே கேட்டுப் பெற வேண்டும்.

எல்லாமே இலவசம் என்று எண்ணிவிடாதீர்கள். மலை இரயில்களில் ரிகி போன்ற சிலவற்றுக்கே முழுச் சலுகை. மற்றவை பலவற்றுக்குப் பாதிக் கட்டணம். 3,454 மீட்டர் உயரத்திலுள்ள யுங்ஃபிராவ்யோக் நிலையத்திற்கு அட்டை கிரிண்டெல்வால்ட் அல்லது வெங்கன் வரையில்தான் முழுமையாகச் செல்லும். அதற்குமேல் தள்ளுபடி மட்டுமே. கிளேசியர் எக்ஸ்பிரஸ் போன்ற காட்சி இரயில்களில் இருக்கை முன்பதிவுக்குத் தனிக் கட்டணம் உண்டு.

இவை அனைத்தும் விளம்பரத் தாளிலேயே கிடைக்கும் செய்திகள். அட்டையின் உண்மையான பயனை நான் உணர்ந்தது ஒரு தவறு நடந்த பிறகுதான்.

ஸ்டான்ஸ் நிலையத்தில்

ஐந்தாம் ஆண்டில் பயிலும் என் இளைய மகளிடம் பயணத் திட்டத்தை ஒப்படைத்திருந்தேன். லூசெர்ன் நகரிலிருந்து இண்டர்லாக்கன் செல்ல வேண்டிய நாள் அது. அந்த நிலையத்தில் இண்டர்லாக்கன் செல்லும் குறும்பாதை இரயிலும் எங்கல்பெர்க் செல்லும் குறும்பாதை இரயிலும் அடுத்தடுத்த மேடைகளிலிருந்து புறப்படுகின்றன. இரண்டும் ஒரே நிறுவனத்துடையவை. பார்வைக்கும் ஒன்றுபோல் இருப்பவை. மகள் முன்னே நடந்தாள், நாங்கள் பின்தொடர்ந்தோம். ஏறத்தாழ கால் மணி நேரம் கழிந்தது. அவள் எழுதி வைத்திருந்த பட்டியலின்படி சார்னன் வர வேண்டும். திரையில் தெரிந்ததோ ஸ்டான்ஸ்.

"அப்பா, இது வேறு இரயில்."

அவசரமாக இறங்கினோம். கடிந்துகொள்ளும் சொல் என் நாவின் நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் மகள் தன் கோப்பை என்னிடம் நீட்டினாள். "இனிமேல் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் அப்பா" என்றாள். கண்கள் கலங்கியிருந்தன.

ஆசிரிய நண்பர்களே, இந்தச் சொற்களை நான் வகுப்பறையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கரும்பலகைக்கு வந்து ஒரு கணக்கைத் தவறாகச் செய்துவிட்ட மாணவன் அடுத்த நாள் கை தூக்குவதில்லை. "நீங்களே செய்து காட்டுங்கள் ஐயா" என்கிறான். அவனைச் சோம்பேறி என்று நான் எண்ணியதுண்டு. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிவப்பு மையால் வட்டமிட்ட கை என்னுடையது. அந்த வட்டம் ஒரு பிள்ளையின் உள்ளத்தில் என்ன செய்கிறது என்பதை அன்று என் சொந்த மகளின் முகத்தில் பார்த்தேன்.

கோப்பை நான் வாங்கிக்கொள்ளவில்லை. "இந்தத் தவற்றால் நமக்கு எவ்வளவு நட்டம்? கணக்குப் பார்த்துச் சொல்" என்றேன். அவள் சற்று யோசித்தாள். தவறாக வந்த இரயிலுக்குச் சீட்டு வாங்க வேண்டுமா? இல்லை, அட்டை இருக்கிறது. திரும்பிப் போகக் கட்டணமா? அதுவும் இல்லை. லூசெர்னில் தவறவிட்ட இண்டர்லாக்கன் இரயில்? மணிக்கொன்று உண்டு. "பணம் ஒன்றும் போகவில்லை. நேரம் மட்டும்தான்" என்றாள். பிறகு அட்டையோடு வந்த வரைபடத்தை விரித்தவள், ஸ்டான்ஸ் ஊரிலிருந்து ஸ்டான்சர்ஹோர்ன் மலைக்கு ஏறும் வண்டிக்கு நம் அட்டையே போதும் என்று கண்டுபிடித்தாள். 1893இல் திறக்கப்பட்ட மலை இரயிலில் ஒரு பகுதி வழியும், 2012 முதல் ஓடும் திறந்த மேல்தளக் கம்பிவட ஊர்தியில் மீதி வழியும் ஏறினோம். எங்கள் திட்டத்தில் இல்லாத மலை அது. பயணத்தில் எது சிறந்தது என்று கேட்டால் இன்றும் அவள் அதைத்தான் சொல்கிறாள்.

மலையிலிருந்து இறங்கும்போதுதான் ஊரின் பெயர் என் நினைவைத் தட்டியது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கல்வியியல் பாடத்தில் படித்த பெஸ்தலோசியின் ஸ்டான்ஸ் இதுவல்லவா! 1798இல் பிரெஞ்சுப் படை இப்பகுதியைத் தாக்கியதில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக இங்குள்ள கன்னியர் மடத்தில் ஓர் இல்லம் அமைக்கப்பட்டது. 1799ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 80 பிள்ளைகளுடன் அதை நடத்தத் தொடங்கியவர் யோஹான் ஹைன்ரிஹ் பெஸ்தலோசி. ஆறு மாதங்கூட நிறைவடையவில்லை. படையினருக்கு மருத்துவமனை வேண்டுமென்று அவ்வில்லம் மூடப்பட்டது. வெளிப்பார்வைக்கு அது ஒரு தோல்வி. ஆனால், அந்தச் சில மாதப் பட்டறிவை அவர் ஒரு கடிதமாக எழுதி வைத்தார். தலை, நெஞ்சு, கை ஆகிய மூன்றும் சேர்ந்து வளர்வதே கல்வி என்று நாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோமே, அந்தக் கருத்து உருப்பெற்ற இடங்களுள் ஒன்று இவ்வூர். மகள் தவறான இரயிலில் ஏறியிருக்காவிட்டால் நான் அங்கே கால் வைத்திருக்கமாட்டேன்.

தவறு ஏன் அங்கே மலிவாக இருக்கிறது?

சலுகை விலையில் முன்கூட்டியே வாங்கும் இரயில் சீட்டுகள் பெரும்பாலும் குறிப்பிட்ட ஓர் இரயிலுக்கே செல்லும். அதைத் தவறவிட்டால் பணம் போயிற்று. அட்டையில் அந்த அச்சம் இல்லை. ஆனால், அட்டை மட்டும் போதாது. தவறைத் திருத்திக்கொள்ள அடுத்த இரயிலும் விரைவில் வர வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் 1982 முதல் நாடு முழுவதும் மணிக்கொரு இரயில் என்ற சீர்நேர அட்டவணை நடப்பில் உள்ளது. 'பான் 2000' என்ற திட்டத்திற்கு 1987இல் மக்கள் வாக்களித்து ஒப்புதல் தந்தனர்; 2004 டிசம்பரில் புதிய அட்டவணை நடைமுறைக்கு வந்தது. பெரிய சந்திப்பு நிலையங்களில் மணி முழுமையடைவதற்குச் சற்று முன் பல திசை இரயில்களும் வந்து சேர்கின்றன. பயணிகள் மாறி ஏறியதும் அவை புறப்படுகின்றன. அட்டவணையை ஒரு மணி நேரத்திற்குப் படித்துவிட்டால், பெரும்பாலும் நாள் முழுவதற்கும் படித்ததாகிவிடும். ஐந்தாம் ஆண்டு மாணவிக்கு இது எட்டாத அறிவன்று. நம் கணிதப் பாடநூலில் உள்ள 'காலமும் நேரமும்' அலகுதான் அங்கே இரும்புப் பாதையில் ஓடுகிறது.

நிலையக் கடிகாரத்திலும் ஒரு பாடம் உண்டு. ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் என்ற பொறியாளர் 1944இல் வடிவமைத்த கடிகாரம் அது. அதன் சிவப்பு நொடிமுள் ஏறத்தாழ 58.5 நொடிகளில் ஒரு சுற்றை முடித்துவிட்டு, உச்சியில் ஒரு கணம் நின்று, நிமிடமுள் நகர்ந்த பின்னரே அடுத்த சுற்றைத் தொடங்கும். நேரந்தவறாமைக்குப் பெயர்பெற்ற நாட்டின் கடிகாரமே நிமிடத்திற்கொரு முறை நின்று காத்திருக்கிறது என்று மகளிடம் காட்டினேன். அவள் மேடையில் நின்று மூன்று நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தந்தையும் தவறினார்

என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். இண்டர்லாக்கனிலிருந்து லாவுட்டர்புருன்னன் செல்லும் இரயில் வழியில் ஸ்வைலூட்சினன் நிலையத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லாவுட்டர்புருன்னனுக்கும் மறு பாதி கிரிண்டெல்வால்டுக்கும் செல்லும். பெட்டியின் பலகையைப் பார்க்க வேண்டும் என்றாள் மகள். "நான் பார்த்துவிட்டேன், ஏறு" என்றேன். நான் பார்க்கவில்லை. வண்டி பிரிந்தபோது நாங்கள் அமர்ந்திருந்தது கிரிண்டெல்வால்ட் பாதியில்.

துணைவியார் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத இயலாது. மகளோ, "பரவாயில்லை அப்பா, அரை மணிக்கு ஒன்று இருக்கிறது" என்றாள். நான் அவளுக்குக் கொடுத்ததை அவள் எனக்குத் திருப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு மேடையிலும் ஊர்ப்பெயரை இருமுறை வாசித்த பின்னரே எங்களை ஏறவிட்டாள். எவரும் அதை அவளுக்குக் கற்பிக்கவில்லை.

மாற்றுக் கருத்துகள்

"அட்டை விலை அதிகமாயிற்றே" என்பர். உண்மைதான். ஒரே ஊரில் தங்கி அக்கம்பக்கம் மட்டும் பார்ப்பவர்க்கு இது இலாபமாகாது; அவர்களுக்கு ஒரு மாதம் செல்லும் அரைக் கட்டண அட்டை பொருத்தமாகலாம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையையும் பிள்ளைக்கே கொடுங்கள். ஆறாம் ஆண்டுக் கணக்கைவிடக் கடினமானதன்று.

"யூரேல் அட்டை வாங்கிப் பல நாடுகளையும் இப்படிப் பார்க்கலாமே" என்பர். பார்க்கலாம். ஆனால், பிரான்சின் அதிவேக இரயில்களில் யூரேல் அட்டை இருந்தாலும் முன்பதிவு கட்டாயம். அங்கே தவறு மலிவானதன்று. முதற்பயணத்திற்கு முன்பதிவுத் தொல்லை குறைந்த நாடே நல்லது.

இன்னொரு நோய் அட்டை வைத்திருப்போருக்கே உரியது. 'போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும்' என்று விடியல் முதல் இரவு வரை இரயிலிலேயே கிடப்பது. முதல் இரண்டு நாள் நாங்களும் அப்படித்தான் இருந்தோம். மூன்றாம் நாள் லூசெர்னிலிருந்து கப்பலில் விட்ஸ்னாவ் சென்று, 1871 முதல் இயங்கும் பற்சக்கர இரயிலில் ரிகி மலையேறி, மறுபுறம் ஆர்த்-கோல்டாவ் வழியாக இறங்கி வந்தோம். ஒரு நாளுக்கு அது ஒன்றே போதும் என்பது அப்போதுதான் விளங்கியது.

எல்லாவற்றினும் வலுவான மறுப்பு ஒன்றுண்டு. நம் தமிழ்ப்பள்ளிப் பெற்றோரில் பெரும்பாலோருக்குச் சுவிட்சர்லாந்து எட்டாக்கனி. அதை நான் மறக்கவில்லை. ஆனால், கருத்து எட்டாக்கனியன்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதாந்தரப் பயண அட்டை வைத்திருக்கும் பெற்றோர் ஒரு சனிக்கிழமை பிள்ளையிடம் வழியைக் கேட்டு நடக்கலாம். தவறான நிலையத்தில் இறங்கினால் இறங்கட்டும்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. தேர்வு போனாலும் தவறின்மீது நாம் வளர்த்த அச்சம் போகவில்லை. பிள்ளைக்கு நாம் தரக்கூடிய அட்டை ஒன்றுண்டு: தவறலாம், திரும்பி வரலாம், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை என்னும் உறுதி. விடுமுறை முடிந்து முதல் நாள் வகுப்புக்குச் சென்றபோது சிவப்பு எழுதுகோலை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன். தவறான விடையின் பக்கத்தில் பென்சிலால் "அடுத்த இரயில் எத்தனை மணிக்கு?" என்று எழுதுகிறேன். மாணவர்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது சிலர் அதற்குக் கீழே விடையைத் திருத்தி எழுதிக் கொண்டுவருகிறார்கள்.