லைன் போச்சு! எந்த லைன்?



அகராதியைத் திறந்தால் ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பத்து, இருபது பொருள் போட்டிருக்கிறது. அத்தனையையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்தாக வேண்டுமா என்று திண்டிவனத்திலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார். வேண்டியதில்லை, அம்மா. உங்கள் ஊரிலும் பக்கத்து விழுப்புரத்திலும் நாள் முழுக்கப் புழங்கும் 'லைன்' என்ற சொல்லே அதற்குச் சாட்சி.

விழுப்புரம் ஜங்ஷனில் லைன் என்றால் ரயில் பாதை. சென்னை, புதுச்சேரி, காட்பாடி, கடலூர், விருத்தாசலம் என்று ஐந்து பக்கம் பிரிகிறது. திருச்சிக்குப் போகிறவரிடம், "மெயின் லைனா, கார்டு லைனா?" என்று கேட்பார்கள். கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று கிழக்கே வளைந்து போவது மெயின் லைன். விருத்தாசலம், அரியலூர் வழியாகக் குறுக்கே போவது கார்டு லைன். இந்தக் கார்டு, ரேஷன் கார்டில் வரும் கார்டு அல்ல. கணக்குப் பாடத்தில் வட்டத்துக்குள் வரைகிறோமே, அந்த நாண். மெயின் லைன் வில்லாக வளைய, இது நாணாக நேரே போகிறது.

ஸ்டேஷனுக்கு வெளியே வந்தால் அதே சொல்லுக்கு வேறு வேலை. "லைன்ல வாங்க" என்றால் வரிசை. "லைன்லயே இருங்க" என்றால் போன். ஏஜென்சிக்காரர், "பையன் செஞ்சி லைனுக்குப் போயிருக்கான்" என்றால், அந்தப் பக்கத்துக் கடைகளுக்குச் சரக்கு போடப் போயிருக்கிறான். "லைன் போடுறான்" என்றால் என்னவென்று பெண்ணைப் பெற்றவருக்கு விளக்க வேண்டியதில்லை. இலங்கை மலையகத்திலோ இதே சொல் 'லயம்' என்றாகி, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளைக் குறிக்கிறது.

இதில் யாரும் தடுமாறுவதில்லை. காரணத்தைத் தொல்காப்பியர் எப்போதோ சொல்லிவிட்டார். பல பொருள் கொண்ட ஒரு சொல்லின் பொருளை வினை, இனம், சார்பு இந்த மூன்றும் காட்டிக்கொடுக்கும் என்கிறது சொல்லதிகாரம். 'மா பூத்தது' என்றால் மரம்; 'மா ஓடியது' என்றால் விலங்கு. ஆனால், 'மா வீழ்ந்தது' என்றால்? மரமும் விழும், விலங்கும் விழும். அப்படிப்பட்ட இடத்தில் இன்னதென்று எடுத்துச் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் கொடுத்த விதி.

'லைன் போச்சு' என்பதும் அந்த ரகம்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பல ஊர்களில் கரண்ட் இல்லை. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால், டிசம்பர் 2 அன்று ரயில்கள் நிறுத்தப்பட்டன. அந்த நாட்களில் 'லைன் கட்' என்று மொட்டையாகச் சொன்னால் கரண்டா, போனா, ரயிலா என்று யாருக்கு விளங்கும்? கூட ஒரு சொல் போட்டால்தான் சேதி.

ஆசிரியைக்கு நான் சொல்வது இதுதான்: பொருள் பட்டியலை ஒப்பிக்க விடாதீர்கள். சொல்லை வாக்கியத்தோடு கொடுங்கள். பக்கத்தில் நிற்கும் வினையைப் பார்க்கப் பழக்குங்கள். 'மா'வைக் கற்ற முறையிலேயே எந்த ஆங்கிலச் சொல்லையும் நம் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்.

உங்கள் ஊரில் 'லைன்' இன்னும் என்னென்ன பொருளில் வழங்குகிறது? ஒரு தபால் அட்டையில், வாக்கியத்தோடு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் தொகுத்து வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்