பெட்டிக்குள் இருப்பதை யார் அறிவார்?

வலைச்செயலிகளை உருவாக்கும் முறையை மாற்றியமைத்த தொழில்நுட்பங்களுள் ஒன்று 'கன்டெய்னர்'. செயலியையும் அது இயங்கத் தேவையான துணை மென்பொருள்களையும் ஒரே பெட்டியில் அடைத்து, எந்தக் கணினியிலும் இயக்கும் இந்த முறையை 2013-இல் அறிமுகமான 'டாக்கர்' பரவலாக்கியது. வேகமும் சிக்கனமும் கிடைத்தன. பாதுகாப்பு தானாகவே கிடைத்துவிடும் என்கிற எண்ணமும் உடன் வளர்ந்தது. அந்த எண்ணம் தவறானது.

கன்டெய்னர்கள் யாவும் தாம் இயங்கும் கணினியின் இயங்குதளக் கருவைப் பகிர்ந்து கொள்பவை. அவற்றுக்கிடையே இருப்பது மெல்லிய தடுப்புதான். அவற்றை இயக்கும் 'ரன்-சி' என்ற அடிப்படை மென்பொருளில் 2024 ஜனவரியில் வெளிப்பட்ட குறைபாடு, பெட்டிக்குள் இருந்து வெளியேறி முழுக் கணினியையும் கைப்பற்ற வழிவிட்டது. உச்ச அதிகாரமான 'ரூட்' உரிமையுடன் செயலியை இயக்குவது இத்தகைய ஆபத்தைப் பன்மடங்காக்குகிறது.

கவனக்குறைவு விளைவிக்கும் கேடும் சிறிதன்று. டெஸ்லா நிறுவனத்தின் கன்டெய்னர் மேலாண்மைத் தளம் கடவுச்சொல்லே இன்றித் திறந்து கிடந்ததும், ஊடுருவியவர்கள் அதன் கணினித் திறனைக் கொண்டு கிரிப்டோ நாணயம் ஈட்டியதும் 2018-இல் அம்பலமாயின.

இவற்றைவிடப் பெரிய சிக்கல், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதே தெரியாமல் இருப்பது. பொதுக் களஞ்சியத்திலிருந்து பதிவிறக்கும் 'இமேஜ்' ஒன்றில் பழைய, குறைபாடுள்ள மென்பொருள்கள் ஒளிந்திருக்கலாம். 2021 டிசம்பரில் 'லாக்ஃபோர்ஜே' குறைபாடு வெளியானபோது, அது தங்கள் செயலிகளில் எங்கெல்லாம் இருக்கிறது என்பதைக் கண்டறியவே பல நிறுவனங்கள் திணறின.

மென்பொருளின் உட்கூறுகளைப் பட்டியலிட வேண்டும் என்று இந்திய கணினி அவசரநிலை மீட்புக் குழுவான 'செர்ட்-இன்' 2024 அக்டோபரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-உம் தரவைக் காக்கத் தவறுவோருக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க வகை செய்கிறது. ஆனால், அபராதம் தரவு கசிந்த பின்னர் வருவது. மக்களின் ஆதார் எண்ணும் வங்கி விவரமும் அதற்குள் கைமாறியிருக்கும்.

எனவே, அரசுத் துறைகள் தங்கள் ஒப்பந்தப்புள்ளிகளிலேயே உட்கூறுப் பட்டியலையும், குறித்த கால இடைவெளியில் இமேஜைப் புதுப்பிப்பதையும், ரூட் உரிமையின்றிச் செயலியை இயக்குவதையும், கடவுச்சொற்களை இமேஜுக்குள் வைக்காதிருப்பதையும் கட்டாய நிபந்தனைகளாக்க வேண்டும். மிகப் பெரிய வாடிக்கையாளரான அரசு வற்புறுத்தினால், சந்தை அதற்கேற்ப மாறும்.