உயர்வானில் அணையும் தீயும் நமது ஆய்வுகூடமும்

அப்புத்தளையிற் காற்றுச் சீறும் மாலைகளிற் கார்த்திகை விளக்கேற்றியோர் நம்மிற் பலர். திரியருகே உள்ளங்கையைக் குவித்து, காற்று நேரே படாத சிறு மறைவொன்றை உண்டாக்கியே சுடரைக் காத்தோம். விண்ணிற் செல்லும் றாம்ஜெற் பொறியும் இதனையே செய்கின்றதென்று அந்நாளில் நமக்கு எவரும் சொன்னாரல்லர்.

றாம்ஜெற்றிலே காற்றை அமுக்கும் சுழலி இல்லை. தன் வேகத்தாலேயே எதிர்வருங் காற்றை அமுக்கி உட்கொள்ளும். திண்ம எரிபொருள் வகையில், குழல்போன்ற எரிபொருளின் துளையூடாகக் காற்று விரைகின்றது. துளையின் முகப்பில் ஒரு படி. அதன் மறைவிற் சுழலும் வெவ்வாயுவே தீயைப் பிடித்துவைக்கின்றது. உயரம் கூடக்கூட இம்மறைவும் போதாது. அப்புத்தளையிலேயே காற்றமுக்கம் கடன்மட்டத்திலும் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவு. 20 கிலோமீற்றர் உயரத்திலோ காற்றின் அடர்த்தி பதினான்கிலொரு பங்கே. அமுக்கம் குன்ற இரசாயனத் தாக்கம் மந்தமாகும். மறைவில் வாயு தங்கும் கணநேரத்துள் எரிதல் நிகழாவிடின் தீ அணைந்துவிடும். படியைப் பெரிதாக்கலாம், ஆயின் எரிபொருளுக்கு இடங்குறையும், அமுக்கமும் விரயமாகும். போரன் தூள் சேர்த்தால் வெப்பம் மிகும். ஆயின் அத்துகள்களைப் போர்த்திருக்கும் ஒட்சைட்டுத் தோல் எளிதிற் பற்றவிடாது. 1944இல் ஜெர்மனியில் லிப்பிஷ் என்பார் நிலக்கரியால் இயங்கும் றாம்ஜெற் விமானமொன்றை வகுத்தார். அது தன் வலுவாற் பறந்ததேயில்லை. இவ்வினத்தைச் சேர்ந்த திண்ம எரிபொருட் பொறியொன்றை இந்தியா 2022 ஏப்ரல் 8இல் ஒடிசாவின் சண்டிப்பூரிற் பறக்கவிட்டுச் சோதித்தது. அஃது ஏவுகணைக்கானது, அதனைப் போற்றுவது நம் நோக்கமன்று. தீயின் எல்லையை அறிதலே நோக்கம்.

யூபிலி நிதியால் நுழைவாயில் வளைவு எழுப்பவேண்டுமென அன்பர் சிலர் விரும்புகின்றனர். வளைவை நாம் வெறுப்பவரல்லோம். எனினும் வளிப்பம்பியொன்றும் கண்ணாடிச் சாடிகள் இரண்டும் முதலில் வேண்டும். சாடியுள் மெழுகுதிரியை ஏற்றிக் காற்றை இறைத்தால், சுடர் ஒளி மங்கி நீலித்து அணையும். ஒட்சிசன் தீர்ந்ததாலா, அமுக்கம் குறைந்ததாலா? இறைக்காத மற்றச் சாடியோடு நேரத்தை ஒப்பிட்டு மாணவனே விடை காணட்டும். உயர்தர விஞ்ஞான வகுப்பில்லாத தோட்டப் பாடசாலைகள் ஊவாவிற் பல. அவற்றிலிருந்து நம்மிடம் வரும் பிள்ளை, தேயிலைத் தொழிற்சாலை அடுப்பில் விறகிட்டுக் காற்றுக்கதவைத் திருப்பும் தந்தையைக் கண்டு வளர்ந்தவன். சூத்திரத்தை மட்டும் ஒப்புவிக்க அவனை ஏன் பழக்கவேண்டும்?

வளைவுக்கென நன்கொடை எழுதியோர் அதனை ஆய்வுகூடத்துக்கென மாற்றியெழுதலாம். பட்டியல் செயலாளரிடம் உள்ளது.